மூலை வெட்டின அட்டை

யூஜினா வாங்கிய அடிகளைச் சொல்லிக்கொண்டு போனாலே அவள் வாழ்க்கையில் முக்கால்வாசி வந்துவிடும். மீதிக் கால்வாசி, அவள் திருப்பிக் கொடுத்த ஒரே ஒரு அடி. அவளை வாயில்லாப் பூச்சி என்று சொன்ன லயத்து வரிசைவீட்டுச் சனங்களுக்கு அந்தக் கால்வாசி தெரியாமல் இருந்தது. இப்போது நன்றாகவே தெரியும்.

பிறந்தது இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே, பஸ் ஏறமாட்டேன் என்று பாதியில் திரும்பிவிடும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா மாட்டுப்பட்டிக்காரர். மாட்டுக்கும் பிள்ளைக்கும் ஒரே கம்புதான் வைத்திருந்தார். அவர் அடித்தால் மூத்தவன் ஜூலியன் அழமாட்டான். பல்லைக் கடித்து வாங்கிக்கொண்டு, நேரே லயத்துக்குப் பின்னால் போய்த் தங்கச்சியைத் தேடுவான். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்குத்தானே வர வேண்டும்? யூஜினாவின் முன்பல் ஒன்று இன்றைக்கும் பாதிதான். மற்றப் பாதியைத் தண்ணீர்ப் பீலிக் கல்லில் அவள் முகத்தை மோதி எடுத்தவன் ஜூலியன். வாளி நிறைவதற்குள் தூக்கிவிட்டாள் என்பது அவள் செய்த குற்றம். அம்மா மட்டும்தான் அவள் மேல் கை வைக்காதவள். தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, வீங்கிய இடத்தில் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு அடுப்பை ஊதப் போவாள்.

அந்தத் தோட்டத்துச் சங்கக்கடையில் அரிசிக்கும் மாவுக்கும் முன்பு ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. அந்த மாதத்துச் சாமான் எடுத்து முடிந்ததும் கடைக்காரர் கத்தரியால் அதன் மூலையை நறுக்கென்று வெட்டித் திருப்பித் தருவார். மூலை போனால் அட்டை செத்தது. பிள்ளைகள் அதை வைத்து வீடு கட்டி விளையாடுவார்கள். பிறகு அட்டை போனது, சங்கக்கடையும் மூடியாயிற்று, சொல் மட்டும் லயத்தில் தங்கிவிட்டது. பால் வற்றிய மாடு, வேலைவிட்ட கங்காணி, புருஷன் கைவிட்ட பெண், எல்லாருமே மூலை வெட்டின அட்டைதான்.

யூஜினாவின் மூலையை வெட்டியவன் கஸ்பர். கொழும்பில் ஓட்டல் வேலை, கோயிலில் வைத்துத்தான் கட்டினான், தாலியும் தங்கம்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் சப்பாத்தைக் கழற்றுவான், அடுத்தது இடுப்பு பெல்ட்டை. காரணம் கேட்டால் காரணம் கேட்டதற்கும் சேர்த்து விழும். ஒரு பாஸ்குத் திருநாளுக்கு வந்தவன், மீன் குழம்பில் புளி கூடிப்போனது என்று அவள் வயிற்றில் உதைத்தான். உள்ளே இருந்தது பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் இரத்தமாகப் போயிற்று. பாவி, அதற்குப் பிறகு அவனும் வரவில்லை. அப்பா செத்த பிறகு அம்மா மட்டும் இருந்த வீட்டுக்குத் திரும்பியவளை வாசலில் வைத்தே ஜூலியன் கேட்டான்.

"மூலை வெட்டின அட்டைய யாரு இங்க கொண்டாந்து போட்டது?"

அந்த வருஷம்தான் அவள் குவைத்துக்குப் போனாள்.

முதல் வீட்டு எஜமானிக்குக் கை சும்மா இருக்காது. சட்டைக் காலரில் மடிப்பு நேராக இல்லை என்று சூடான இஸ்திரிப் பெட்டியைத் தோளில் வைத்தாள். யூஜினா லயத்துப் பழக்கத்தில் பல்லைக் கடித்து நின்றாள். அவள் நிற்க நிற்க எஜமானிக்கு வெறி ஏறியது. மறுநாள் செருப்பு, அதற்கடுத்த நாள் கதவு இடுக்கில் விரல். ஒரு தடவை மட்டும் கண்ணாடிக் குவளை உடைந்த பயத்தில், அடி விழுமுன்பே யூஜினா பெருங்குரலில் அலறிவிட்டாள். ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. அன்று அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். அடிக்கிறவளுக்கு எதிரே இருப்பவளின் வலி கண்ணால் தெரிய வேண்டும், தெரிந்தால் ஓய்ந்துவிடுவாள், தெரியும்வரை ஓயமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் அதிகம் படிக்கவில்லை, இதை நன்றாகப் படித்தாள். குப்பை கொட்டப் போன ஒரு காலையில், குப்பைப் பையோடேயே டாக்சி ஏறி இலங்கைத் தூதரகத்துக்கு ஓடினாள்.

தூதரகம் வழியாகக் கிடைத்த இரண்டாவது வீட்டில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிழவியின் மகளைத்தான் அவள் மேடம் என்பாள். மேடம் கத்துவாள், கதவை அறைந்து சாத்துவாள், ஆனால் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. போன புதிதில் மேடம் தலைவாரக் கையைத் தூக்கினால்கூட யூஜினா குனிந்துகொள்வாள். வருஷங்கள் போகப் போக அந்தக் குனிவு நின்றது. உலகத்தில் யாரும் அவளை அடிக்காத ஒரே வீடு அது. அந்த வீட்டுக்குள் இருக்க மேடம் எடுத்துத் தந்த குவைத் விசா வேண்டும். மற்றவர்கள் அவள் சம்பளத்துக்காகத்தான் அங்கே இருக்கிறாள் என்று நினைத்தார்கள், நினைக்கட்டும்.

அப்போதெல்லாம் விசாவைப் பாஸ்போர்ட்டுக்குள்தான் ஒட்டித் தருவார்கள். பாஸ்போர்ட்டுக்கு வயதாகி, தூதரகத்தில் புதிதுக்கு எழுதிக்கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து போய் நின்றபோது, இராசரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் இரண்டு புத்தகங்களைக் கண்ணாடிக்கு அடியால் தள்ளினார். ஒன்று புதிது, மொடமொடவென்று இருந்தது. மற்றது அவளுடைய பழையது. அதன் மூலை வெட்டப்பட்டிருந்தது.

யூஜினா வெட்டின மூலையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஐயா, ஏன் இத வெட்டுனீங்க? என் விசா இதுக்குள்ளதான இருக்கு!"

"பயப்பிடாதேங்கோ பிள்ளை," என்றார் அவர். "புத்தகம்தான் முடிஞ்சுது, விசா முடியேல்லை. பாருங்கோ, அந்தப் பக்கத்திலை நாங்கள் கைவைக்கேல்லை. உங்கட முதலாளி விசாவைப் புதுசுக்கு மாத்தித் தரும்வரைக்கும் ரெண்டையும் ஒண்டாய்க் கட்டி வச்சிருங்கோ. புதுசு துலைஞ்சால் இன்னொண்டு எடுக்கலாம். பழசைத் துலைச்சியளெண்டால் திரும்பி உள்ளுக்கு வரேலாது."

செத்த அட்டைக்குள் உயிர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் லயத்துக்காரி எப்படி நம்புவாள்? மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினாள். மேடமும் அதையே சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. விசா மாற்றுகிற அலுவலகத்துக்கு அடுத்த வாரம் போவோம் என்றாள் மேடம். அந்த வாரத்தில்தான் ஊரிலிருந்து போன் வந்தது.

அம்மாவைக் குளவி கொன்றுவிட்டது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மரத்துக் கூடு கலைந்திருக்கிறது. மற்றவர்கள் கூடையை உதறிவிட்டு ஓடினார்கள். அம்மாவுக்குக் கூடைக்கயிறு தலைத்துண்டோடு சிக்கிக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தவர்களுக்கு முகம் அடையாளம் தெரியவில்லை, வாய்க்குள்ளேயும் கொட்டியிருந்தது. வெளியே போக அனுமதி எடுத்து, டிக்கட் எடுத்து, இரண்டு புத்தகத்தையும் ரப்பர் பட்டியால் கட்டிக்கொண்டு யூஜினா வந்து சேர்ந்தபோது குழிமண் காய்ந்துவிட்டது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காதது நல்லது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களை எல்லாம் அவளுக்குக் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது.

ஜூலியனுக்குத் துக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. பெட்டியைத் தூக்கியவன் அவன், குழிக்குள் இறங்கியவன் அவன். ஆனால் துக்கத்தோடு அவனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தோட்டத்தில் யாராவது தொழிலாளியாகப் பேர் பதிந்து மலைக்குப் போனால்தான் லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, குடும்பத்துக்கு. அம்மா போனாள், அவளோடு பேரும் போயிற்று. ஜூலியன் மரக்கறி லொறி ஓட்டுபவன். அவன் மனைவி சுலக்ஷனா தலவாக்கலையில் துணிக்கடையில் நிற்பவள், தேயிலைச் செடிக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டாள். அப்பனும் அம்மாவும் காலமெல்லாம் இருந்த காம்பராவை விட்டு இறங்கு என்று தோட்ட மேற்பார்வைக் கண்டாக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜூலியனுக்கு வழி ஒன்றுதான் தெரிந்தது, அந்த வழி விமானம் ஏறி வந்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

"நீ பேர் பதி," என்றான். "அம்மா கூடையத் தூக்கு. குவைத்தும் வேணாம், கத்தரிக்காயும் வேணாம்."

"லீவு முடியப் போவுது அண்ணே. நான் போகணும்."

ஆறு மாதம் குவைத்துக்கு வெளியே நின்றால் விசா தானாகச் செத்துவிடும் என்று அவன் யாரிடமோ கேட்டு வைத்திருந்தான். அதனால் பேசிக்கொண்டிருக்கவில்லை, கன்னத்தில் ஒன்று வைத்தான். அன்றிலிருந்து தினமும் ஏதாவது ஒரு சாட்டு. தேத்தண்ணியில் சீனி இல்லை, துண்டு காயவில்லை. ஒரு நாள் சோற்றுத் தட்டையே தலையில் கவிழ்த்தான். யூஜினா பொறுத்துக்கொண்டாள். அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும் என்று காத்திருந்தாள்.

பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாமியார் வந்து மந்திரித்து, வந்த சனத்துக்குச் சோறு போட்டு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பின்னேரம். கடைசித் தேத்தண்ணிக்குத் காய்ந்த தேயிலைச் சுள்ளியான மிலாறு வைத்து அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"புதன்கிழமை போறேன் அண்ணே," என்றாள் யூஜினா.

"எங்க?"

"வேலைக்கு."

"அம்மா பொணத்துக்கு வர முடியல. வேலைக்கு மட்டும் போக முடியுதோ?"

அந்தக் கேள்வி அடியைவிடப் பலமாக விழுந்தது. அடுப்புப் பக்கம் திரும்பியவளின் கொண்டையைப் பிடித்து ஜூலியன் கதவு நிலையில் மோதினான். நெற்றி பிளந்தது. கீழே விழுந்தவளை விலாவில் மிதித்துத் தாண்டிப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் பெட்டியை இழுத்தான். பூட்டைக் கவாத்துக் கத்தியால் நெம்பினான். சேலை, செபமாலை, அம்மாவுக்கென்று வாங்கி வந்து கொடுக்கவே முடியாமல் போன கம்பளிச் சட்டை எல்லாம் தரையில் சிதறின. அடியில் ரப்பர் பட்டி போட்ட இரண்டு புத்தகங்கள் இருந்தன.

ஜூலியன் லொறி லைசன்ஸ் வைத்திருப்பவன், ரோட்டுப் பொலிசோடு மல்லுக்கட்டி முத்திரையும் கையெழுத்தும் பார்த்துப் பழகியவன். இதிலெல்லாம் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவன் எண்ணம். பட்டியைப் பிய்த்தான். பழையதைத் திருப்பிப் பார்த்தான். மூலையைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தா, ஒன்ன மாதிரியே ஒன்னு. மூலை வெட்டின அட்டை. வச்சிக் கொஞ்சு."

முகத்தில் எறிந்தான். அது கன்னத்தைக் கீறிவிட்டு அம்மிக்குப் பக்கத்தில் விழுந்தது. மொடமொடப்பான புதியதை எடுத்து அடுப்புக்குள் செருகினான்.

யூஜினா பார்த்தாள். புதியது நெருப்பில், பழையது தரையில். ஒரு நொடி, ஒரே நொடி, அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அடுத்த நொடி உயிரே நடுங்கியது. இவன் இப்போது தன் முகத்தைப் பார்ப்பான். அங்கே வலி தெரியாவிட்டால் வேறெங்கோ தேடுவான். தேடினால் அம்மிப் பக்கம் பார்ப்பான்.

"ஐயோ, என் பாஸ்போர்ட்டு! என் உசிரு போச்சே! என்னையும் சேத்து எரிச்சிருடா பாவி!"

லயம் முழுக்கக் கேட்க அலறிக்கொண்டே வலது கையை அடுப்புக்குள் விட்டாள். நடிப்புத்தான். நெருப்புக்கு அது நடிப்பு என்று தெரியாதே. தணலோடு சேர்த்துப் புத்தகத்தைப் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் சுருண்டது, கருகிய வாடை காம்பரா முழுக்க ஏறியது. பாதி எரிந்த புத்தகத்தை வெளியே இழுத்து மார்பில் அடித்து அணைத்தாள். அதற்குப் பிறகு வந்த அலறலில் நடிப்பு ஒரு துளியும் இல்லை.

ஜூலியன் மூச்சு வாங்க நின்று பார்த்தான். அவனுக்குத் திருப்தி. வேண்டியது கிடைத்துவிட்டது. இடுப்பிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். யூஜினா அலறிக்கொண்டே நகர்ந்து அம்மியில் சாய்ந்தாள். இடது காலால் பழையதை இழுத்துப் பாவாடைக்குள் மறைத்தாள். அத்தோடு முடிந்திருக்கும். கதவோரம் நின்ற சுலக்ஷனாதான், வீடு கூட்டுகிறவள் சொல்வதுபோல, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் சொன்னாள்.

"அந்தப் பழசையும் போட்டுருங்க. எதுக்குச் சும்மா கெடந்து மிதிபடுது."

"ஆமா, அதையும்தான்," என்று ஜூலியன் குனிந்தான். அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். பாவாடைக்கு அடியில் கையை விட்டுப் புத்தகத்தைப் பற்றிவிட்டான்.

அம்மியோரம் ஊதாங்குழல் கிடந்தது. ஈர விறகுக்கு ஊதி ஊதி அம்மாவின் கை பட்டு வழுவழுத்துப்போன இரும்புக் குழாய். வலது கை வெந்துவிட்டது, இடது கைதான் மிச்சம். பல் போன நாளிலிருந்து அடக்கி வைத்த பலமெல்லாம் அந்த இடது கைக்கு எங்கிருந்தோ வந்தது. அவன் மணிக்கட்டைப் பார்த்து இறக்கினாள். காய்ந்த மிலாறு முறிகிற சத்தம் கேட்டது. கை ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது.

ஜூலியன் முதலில் கையைப் பார்த்தான், பிறகு தங்கச்சியைப் பார்த்தான். யாரோ தெரியாத பொம்பிளை வீட்டுக்குள் புகுந்துவிட்டதுபோல் பார்த்தான். பிறகுதான் தரையில் புரண்டு அப்பன் அம்மா பேரைச் சொல்லி ஊளையிட்டான்.

"இன்னொரு வாட்டி குனிஞ்சேன்னா மண்டதான்," என்றாள் யூஜினா.

சுலக்ஷனா ஓடியேவிட்டாள். சத்தம் கேட்டு அடுத்த காம்பராவிலிருந்து சுகிர்தம் அக்கா வந்தாள். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள், குளவிக்குத் தப்பி ஓடியவர்களில் ஒருத்தி. யூஜினா ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் கண்ணைப் பார்க்காமல் இருந்தவள். யூஜினாவின் கையில் ஈரத்துணியைச் சுற்றினாள். எரிந்த புத்தகத்தை ஒரு பால்மா டின்னில் போட்டுக் கொடுத்தாள். மூலை வெட்டினதை யூஜினா யாரிடமும் கொடுக்கவில்லை, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "நட," என்று சுகிர்தம் அக்கா முன்னால் இறங்கினாள்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அண்ணனும் தங்கச்சியும் அருகருகே உட்கார வேண்டி வந்தது. வேறு இடம் இல்லை. அவன் கையில் சாக்குக் கட்டு, அவள் கையில் துணிக்கட்டு. ஆஸ்பத்திரிப் பொலிஸ் மேசையிலிருந்து விசாரிக்க வந்த சார்ஜன்ட் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அண்ணன் தங்கச்சி சண்டைதானே, இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது, பேசித் தீர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். யூஜினா பால்மா டின்னை அவர் மேசையில் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள்.

"சார், அவர் அடிச்சத எழுத வேணாம். அத எழுத ஒங்க பொஸ்தகம் பத்தாது. இத எரிச்சத மட்டும் எழுதுங்க."

சார்ஜன்ட் டின்னுக்குள் பார்த்தார். கருகிய அட்டையில் அரச இலச்சினை பாதி தெரிந்தது. அவளுடைய கையையும் பார்த்தார். எழுதினார்.

அவர் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டுச் சீட்டையும் டின்னையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய், கட்டுப்போட்ட கையோடு வரிசையில் நின்று, இன்னொரு புதிய பாஸ்போர்ட் எடுத்தாள். இராசரத்தினம் ஐயா சொன்னது சரிதான். புதியது போனால் இன்னொன்று வரும். புதன்கிழமை போக முடியவில்லை, மேடம் டிக்கட்டை மாற்றித் தந்தாள். குவைத் விமான நிலையத்தில் அதிகாரி புதியதைப் பார்த்தார், மூலை வெட்டினதைத் திறந்து விசாவைப் பார்த்தார், தலையை ஆட்டினார். யூஜினாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விசாவைப் புதியதுக்கு மாற்ற மேடத்தோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த அன்றுதான் ஜூலியனின் போன் வந்தது. எடுப்பதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு எடுத்தாள்.

"நீ குவைத்துல இருக்கேன்னு சுகிர்தம் அக்கா சொல்லுது. எப்படிடி போன? நாந்தான் எரிச்சேனே, என் கண்ணால பாத்தேனே."

"மூஞ்சியில எறிஞ்சியே அண்ணே, அந்த அட்டையிலதான் வந்தேன். விசா அதுலதான் இருந்திச்சு."

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது.

"காம்பராவ விடச் சொல்லிட்டாங்க யூஜி. இந்தக் கையோட லொறியும் ஓட்ட முடியல."

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கூடப் பிறந்தவன், குழிக்குள் இறங்கி அம்மாவை வைத்தவன். ஆனால் பாவம் பார்த்துத் திரும்பினால் அடுத்த அடி எங்கே விழும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அண்ணிய பேர் பதியச் சொல்லு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மேடம் இரண்டு புத்தகத்தையும் நீட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் பழையதைப் புரட்டிப் பார்த்து, புதியதில் ஒரு பக்கத்தை விரித்து, ஒட்ட வேண்டியதை ஒட்டி, முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக் கையை உயரத் தூக்கினான். பழைய பழக்கம், யூஜினா கண்ணை இறுக மூடித் தலை குனிந்துகொண்டாள். தொம்மென்று சத்தம் கேட்டது. எங்கும் வலிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள், அடி புத்தகத்தின் மேல் விழுந்திருந்தது.